கடைசியாக எப்போது செய்தீர்கள்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அக்காவின் இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கட்டி வந்தது. நோகவில்லை. அதனால் ஒருவரும் அவசரப்படவில்லை.

2. கட்டி வளர்ந்தது. ஊசி குத்திச் சோதித்தபோது, தசைக்குள் மிக அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள்.

3. அக்காவுக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்றார் மாமா.

4. மாமா தனக்குத் தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை டொக்டரைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை காலை வெட்டி எடுப்பதாக முடிவானது.

5. நான் அந்த டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

6. வெள்ளிக்கிழமை அக்கா போகவில்லை.

எங்கள் உறவுக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஐந்திலிருந்து தொடங்குவார்கள். படித்த திமிர் என்று முடிப்பார்கள். நான் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. இன்றைக்கும் அதே இடத்தில் அதே ஆளிடம் அதையே கேட்பேன்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் இடம் கொச்சிக்கடையைத் தாண்டி, துறைமுகச் சுவரை ஒட்டி இருக்கிறது. கப்பல் குழாய்களும் கொதிகலன்களும் திருத்துகிற பட்டறை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்க் கொட்டாஞ்சேனையில் இறங்கி மிச்சத்தை நடப்பேன். வெல்டிங் செய்த இடங்களை எக்ஸ்ரே படம் பிடித்து, உள்ளே வெடிப்போ குமிழோ இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதோடு இன்னொன்றும் உண்டு. அழுத்தம் தாங்க வேண்டிய ஒரு குழாயில் ஒருவர் கைவைப்பதற்கு முன், அந்த வகை வெல்டிங்கை அவர் கடைசியாக எப்போது செய்தார் என்று நான் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் செய்திருந்தால் சரி. அதற்கு மேல் என்றால், ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், முதலில் ஒரு தகட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். அந்தத் தகட்டைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் குழாய்.

பட்டறையில் இதை ஒருவரும் அவமானமாக எடுப்பதில்லை. எங்களிடம் இருப்பவர்களில் மிகச் சிறந்த வெல்டர் ஒருமுறை முதுகு நோவால் நெடுநாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். தகட்டில் ஒட்டினார். மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கியது போல அவ்வளவு அழகு. படம் பிடித்தால் அடியில் இரும்பும் இரும்பும் சேரவேயில்லை. ஒரு கறுப்புக் கோடு நீளத்துக்கு ஓடியது. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கை மறந்துவிட்டது, தங்கச்சி, என்று சிங்களத்தில் சொன்னார். இன்னொரு தகடு கேட்டார். அன்று பின்னேரம் வரை தகடு தகடாக ஒட்டிக்கொண்டே இருந்தார்.

இதைப் பார்த்துப் பழகிய ஒருத்திக்கு, தன் அக்காவின் தொடையை வெட்டப்போகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் விசித்திரமாகப் பட்டிருக்கும்.

இனி மாமாவைப் பற்றி. அவர் அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், பம்பலப்பிட்டியில் இருக்கிறார். அப்பா இறந்தபின் எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டிவந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடியில் வாடகைக்கு ஒரு அனெக்ஸ் பிடித்துத் தந்து, போர் நடப்பதால் வடக்கிலிருந்து வரும் தமிழர் பதிய வேண்டும் என்று பொலிஸில் எங்கள் பெயர்களைப் பதிந்து, எனக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் எடுத்துத் தந்தவர். அவர் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. இதை அவர் மறப்பதில்லை, நானும் மறுப்பதில்லை. அக்காவுக்குக் கட்டி என்றதும் அவர் உடனே ஓடித்திரிந்தார். கண்டுபிடித்த டொக்டர் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதனின் தம்பி. நேர்சிங் ஹோம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பக்க வீதியில் இருந்தது. வாசலில் மீன் தொட்டி. மினுங்கும் நிலம். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தாள்.

"பார், ஒரு சனமில்லை," என்றார் மாமா, அக்கா இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் காத்திருக்கையில். "அரசாங்க ஆஸ்பத்திரி மாதிரி நெருக்குப்பட வேண்டியதில்லை. வாறது போறது ஒருத்தருக்கும் தெரியாது."

அவருக்கு அதுதான் முக்கியம். அக்காவுக்குக் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பிறகு பேச வேண்டும். குடும்பத்தில் புற்றுநோய் என்று ஒரு சொல் வெளியே போனால் இரண்டு பெண்களும் வீட்டில் என்பது மாமாவின் கணக்கு. நானோ அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் புதிதுபோல் இருந்தன. யாரும் வந்து உட்கார்ந்து தேய்ந்ததாகத் தெரியவில்லை.

டொக்டர் மரியாதையானவர். மாமாவோடு தன் தமையனைப் பற்றிக் கதைத்தார். பிறகு அக்காவின் தொடைப் படத்தைக் காட்டி, மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுத்துவிடலாம், இரண்டு கிழமையில் பிள்ளை வேலைக்குப் போகலாம், தையல்கூடத் தெரியாது என்றார். மாமாவின் முகம் தெளிந்தது. எழும்பவும் ஆயத்தமானார்.

"டொக்டர், இந்த வகைக் கட்டியைக் கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். டொக்டர் சிரித்தார்.

"நான் கத்தி பிடிக்கத் தொடங்கேக்கை நீர் பிறந்திருக்க மாட்டீர், பிள்ளை."

"ஓம் டொக்டர். இந்த வகையைத்தான் கேக்கிறன். கடைசியா எப்ப?"

"கட்டி எண்டால் கட்டிதான். எத்தினை எடுத்திருப்பன்."

"கொழுப்புக் கட்டி இல்லை, இது."

அவர் பேனையை மூடினார். "இது அருமையா, எப்பவாவது வாறது. ஆரும் கனக்கச் செய்திருக்க மாட்டினம். நான் படிக்கேக்கை ஒண்டு பார்த்தனான்."

"பார்த்தனீங்களோ, செய்தனீங்களோ?"

மாமா எழும்பிவிட்டார். "சின்னப் பிள்ளை, டொக்டர். பயத்திலை கதைக்குது. நாங்கள் வெள்ளிக்கிழமை வருவம்," என்றார். டொக்டர் தலையாட்டினார். என் கேள்விக்கு விடை வரவில்லை. வராததுதான் விடை என்று எடுத்துக்கொண்டேன். அவரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. குடல்வால் வெட்ட வேண்டுமென்றால் அவரிடமே போவேன். அதை அவர் நேற்றும் செய்திருப்பார்.

வீதியில் இறங்கியதும் மாமா சொன்னார்: "மானத்தை வாங்கிப்போட்டாய். வெல்டிங்காரனிட்டைக் கேக்கிறமாதிரியெல்லோ கேக்கிறாய்."

"வெல்டிங்காரர் கோவிக்கிறேல்லை, மாமா."

அவர் காலி வீதி வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். சந்தியில் நின்று, "கொக்காவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை," என்று மட்டும் சொன்னார்.

நான் அங்கிருந்து நேரே அக்காவிடம் போனேன்.

அக்கா காலி வீதியில் ஒரு கொம்யூனிகேஷன் சென்ரரில் வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பதற்கு மரப்பெட்டி மாதிரிச் சில அறைகள். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று அவள் இலக்கத்தை அடித்து லைனைக் கொடுப்பாள். ஆட்கள் உள்ளே நின்று கத்திக் கதைப்பார்கள். யாருடைய மகன் எந்த நாட்டில் பிடிபட்டான், யாருடைய கலியாணம் ஏன் குழம்பியது என்று வெள்ளவத்தையின் அரைவாசி இரகசியம் அவளுக்குத் தெரியும். தன் காலைப் பற்றியது மட்டும் தெரியாது.

ஆள் குறைந்த நேரம் பார்த்து ஒன்று, இரண்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊசிச் சோதனையில் என்ன சொன்னார்கள், நோயின் பெயர் என்ன, நான் என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார். இடையில் ஒருவர் நோர்வேக்கு லைன் கேட்டார். அடித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ரை கால். எனக்குத்தான் கடைசியாத் தகவல்."

"மாமா வேண்டாமெண்டவர்."

"நீ என்ன, டொக்டரையும் தகட்டிலை ஒட்டிக் காட்டச் சொன்னியோ?"

"சொல்ல விட்டால்தானே. மாமா எழும்பிட்டார்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேசைக்குக் கீழே கையை விட்டுத் தொடையை அழுத்திப் பார்த்தாள். அந்தக் கட்டியை அவள் பயத்தோடு தொட்டதை அன்றுதான் பார்த்தேன். "அப்ப இதை ஆர் செய்யிறது? தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடி," என்றாள். "கண்டுபிடிச்சுப்போட்டு வந்து கதை. சும்மா கேள்வி கேட்டுக்கொண்டு நிக்காதை."

இதுதான் என்மேல் அவள் சுமத்திய வேலை. அடுத்த நாள் லீவு போட்டேன்.

நகரத்துக்கு வெளியே அரசாங்கத்தின் புற்றுநோய் ஆஸ்பத்திரி. இரண்டு பஸ் மாற வேண்டும். வழியில் சோதனைச் சாவடி. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருப்பதால் என்னைப் போன்றவர்கள் இறங்கி நிற்க வேண்டும். மற்றவர்கள் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். "கொஹெத யன்னே?" என்றான் ஆமிக்காரன். எங்கே போகிறாய் என்று ஒருநாளில் எத்தனையோ பேரிடம் கேட்டுக் களைத்த குரல். "இஸ்பிரிதாலெட்ட," என்றேன். ஆஸ்பத்திரிக்கு என்றதும் பையைக்கூடத் திறக்கச் சொல்லாமல் விட்டான்.

அன்று கிளினிக் நாள்; உள்ளே நடைபாதையில் நடக்க இடமில்லை. உட்காரும் வாங்குகள் நிறைந்து, சுவரோரம் நிலத்திலும் பாய் விரித்து இருந்தார்கள். மாமா வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். கை கால் கட்டிகள் பார்ப்பது எந்த அறை என்று விசாரித்து, அந்த வாங்கில் நெருக்கி உட்கார்ந்தேன். பட்டறையில் வேலை தொடங்குமுன் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன், சிங்களத்திலும் தமிழிலும். உங்களுக்கு எங்கே? எந்த ஊர்? யார் அனுப்பியது? மாத்தறை, தோள். குருநாகல், தொடை. மட்டக்களப்பு, தொடை. ஒரு வாங்கிலேயே இவ்வளவு பேர். அரிதாக வரும் நோய் என்றார்களே என்று எனக்குள் எழுந்த கேள்விக்கு விடை எதிரிலேயே இருந்தது. அது அவரவர் ஊரில்தான் அரிது. இலங்கை முழுவதிலிருந்தும் அதை ஒரே வாங்குக்கு அனுப்பினால், அந்த வாங்குக்கு முன்னால் இருக்கும் அறையில் அது தினசரி வேலை.

என் வலப்பக்கம் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு அம்மா. முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். வெட்டி முடிந்து, காட்ட வந்திருந்தார்.

"என்னம்மா, உங்களுக்கா?"

"அக்காவுக்கு. தொடையிலை."

"எங்க ஊரு ஆசுபத்திரியில இந்த மாதிரி பாத்ததே இல்லன்னுட்டாங்க. கேட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எழுதிக் குடுத்தாங்க, இங்க வந்தோம். இந்த டாக்டரு கையத் தூக்கிப் பாத்தாரு. பாத்துட்டு, 'ம், இன்னொண்ணு'ன்னு சிங்களத்துல சொல்லிட்டு எழுத ஆரம்பிச்சிட்டாரு. அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

"இன்னொண்டு எண்டதுக்கோ?"

"பின்ன? அவரு ஆச்சரியப்பட்டிருந்தா நான் அங்கனயே செத்திருப்பேன்."

அன்று பின்னேரம் வீட்டில் சண்டை. மாமா வந்திருந்தார். அவருடைய காரணங்கள் முட்டாள்தனமானவை அல்ல. அவற்றை இங்கே அப்படியே தருகிறேன். அங்கே எல்லாம் சிங்களம். வலி எங்கே என்று சொல்லக்கூட அக்காவுக்கு அவ்வளவு மொழி போதாது. ஒவ்வொரு தடவையும் சோதனைச் சாவடி. ஒருநாள் இறக்கி எடுத்துக்கொண்டு போனால் எங்கே போய்த் தேடுவது. எங்கேயாவது குண்டு வெடித்தால், சிங்கள வார்ட்டில் தனித் தமிழ்ப் பெண். கடைசியாக, கனடாக்காரர்.

"எல்லாம் சரி, மாமா," என்றேன். "நேர்சிங் ஹோமிலை இதெல்லாம் இல்லை. கட்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளும் இல்லை."

"அவருக்குத் தெரியாதெண்டு நீ கண்டனியோ?"

"அவருக்கே தெரியாது. அதைத்தான் கேட்டனான்."

அம்மா குசினி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். நாங்கள் சைவக்காரர் என்பது அவளையோ அந்தோனியாரையோ தடுத்ததில்லை. "அந்த டொக்டர் எங்கடை ஆள் எல்லோ, பிள்ளை," என்றாள். "எங்கடை பிள்ளை எண்டு கவனமாப் பாப்பார்."

கவனம் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதுகு நோவிலிருந்து வந்த எங்கள் வெல்டரும் அந்தத் தகட்டில் கவனமாகத்தான் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வாடகை வான் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா தலை சீவி, பொட்டு வைத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு கதிரையில் இருந்தாள்.

"இதென்ன, சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. வெறுவயித்திலை வரச் சொன்னவர்."

"நான் சாப்பிட்டிட்டன், மாமா. வேலைக்குப் போறன். செவ்வாய்க்கிழமை அங்கை கிளினிக்காம். அதுக்குப் போறன்."

"ஆர் முடிவெடுத்தது?"

"கால்காரி."

மாமா என்னைத்தான் பார்த்தார், அவளையல்ல. "உனக்கு இது விளையாட்டு," என்றார். "நாளைக்கு ஒண்டு நடந்தால் நீதான் பொறுப்பு." சரி என்றேன். வானை அனுப்பிவிட்டு அவர் பம்பலப்பிட்டிக்கு நடந்தே போனார். அவர் குடையை எங்கள் வீட்டில் விட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பொறுப்பை நான் இலகுவாகத் தூக்கவில்லை. அக்கா இறந்தால், அல்லது அந்த வார்ட்டில் யாராவது அவளை அவமானப்படுத்தினால், கேள்வி கேட்ட வாய் என்னுடையது.

ஆஸ்பத்திரி டொக்டர் முகத்தைப் பார்க்காத ஆள். அக்காவின் தொடையைப் பார்த்தார், அழுத்தினார், முழங்காலை மடக்கினார், படங்களை வெளிச்சப் பெட்டியில் சொருகினார். "தவ எகக்," என்று பக்கத்தில் நின்ற இளம் டொக்டரிடம் சொன்னார். இன்னொன்று. அக்கா என் கையைக் கிள்ளினாள். வாங்கில் இருந்த அம்மாவின் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அவரிடமும் கேட்டேன். அவரிடம் கேட்காமல் விட்டிருந்தால், மாமா சொன்னது போல அது திமிராகத்தான் இருந்திருக்கும். அவர் எங்களோடு கதைத்தது ஆங்கிலத்தில்.

"டொக்டர், இதைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்?"

நேர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நேற்று."

"அதற்கு முன்னால்?"

"போன கிழமை. நீ என்ன வேலை செய்கிறாய்?"

சொன்னேன். ஆறு மாதக் கதையையும் சொன்னேன். "இரும்பில் இரத்தம் ஓடாது," என்றார். கேட்டதைத் தவறாக எடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, இதில் யாராவது ஏற்கெனவே கத்தி வைத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். ஊசி மட்டும்தான் என்றாள். "நல்லது. வெளியே பாதி எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். பிறகு நான் எங்கே வெட்டுவது? சில பேருக்குக் காலைத்தான் எடுக்க வேண்டி வருகிறது."

அக்கா கதிரையில் பின்னால் சாய்ந்தாள். வெள்ளிக்கிழமை என்ற சொல்லை நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குப் பிடித்தது, அவர் தனியாக எதையும் முடிவுசெய்யாததுதான். கதிர்ச் சிகிச்சை டொக்டரைக் கூப்பிட்டார். கட்டியின் துண்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் டொக்டரம்மாவையும் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரே வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒருவர் வசனத்தை மற்றவர் முடித்து, சுருக்கமாகக் கதைத்தார்கள். நெடுநாளாக ஒரே குழாயில் சேர்ந்து வேலை செய்கிற ஆட்கள் அப்படித்தான் கதைப்பார்கள். கேட்டுப் பழகிய சத்தம் அது.

வார்ட்டைப் பற்றி அழகாக எழுத மாட்டேன். கட்டில்கள் போதாது. மின்விசிறி ஒன்று சுற்றும், ஒன்று சுற்றாது. கழிப்பறைக்கு வரிசை. அக்கா வார்ட்டில் இருந்த நாட்களில் நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அன்று பின்னேரம் நான் தமிழில் கதைத்ததும், அதுவரை தன் தோடம்பழத்தைப் பாதி தந்து வந்த பக்கத்துக் கட்டில் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் நகரத்தில் வேலை செய்தாராம். அவரைப் பற்றித் தகவல் இல்லை. இரண்டு நாளைக்குப் பின் தகவல் வந்தது, உயிரோடு இருக்கிறார் என்று. அதற்குப் பிறகும் அவள் எங்களோடு பழையபடி கதைக்கவில்லை. மாமா பயந்ததில் ஒரு பங்கு உண்மை. அதை ஒப்புக்கொண்டுதான் மிச்சத்தைச் சொல்கிறேன்.

மிச்சம் இதுதான். வெட்டி முடிந்தது. கட்டியைச் சுற்றி நல்ல தசையும் சேர்த்து எடுத்தார்கள். இரத்தக் குழாயை ஒட்டி நிறைய நேரம் வேலை செய்ய வேண்டி இருந்ததாம். கால் இருந்தது. அடுத்த நாள் அம்மா கரியரில் சோறும் மீன் சொதியும் கொண்டுவந்தாள். அக்கா அரை மயக்கத்தில் இருந்தாள். அம்மா அவளுடைய இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் குளிருது," என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையால் இரண்டு கால்களையும் மூடி, ஓரங்களை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாய் மகளைப் போர்த்துகிறாள்; அதில் பார்க்க என்ன இருக்கிறது.

வார்ட்டின் மறு அந்தத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேர்ஸ் அங்கிருந்தே சத்தம் போட்டாள். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வந்தாள். போர்வையை உருவி எடுத்தாள்.

"அம்மே, இந்த வார்ட்டில் காலை மூடக்கூடாது," என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பாதத்தைத் தொட்டாள். மற்றப் பாதத்தையும் தொட்டாள். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தாள். திரும்பி, இளம் டொக்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், ஒரேயொரு தரம். அவர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார்.

அப்போதுதான் மற்றக் கட்டில்களைப் பார்த்தேன். காலில் கட்டி வெட்டிய ஒவ்வொருவருக்கும் உடம்பு முழுக்கப் போர்த்தி, பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வரிசையிலும். நான் அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

பாதம் குளிர்ந்தது குளிரினால் அல்ல. இரத்தம் போகவில்லை. உள்ளே குழாய் அடைத்திருந்தது. உடனேயே தள்ளுவண்டி வந்தது. நேர்ஸ் என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ஒப்பரேஷன் தியேட்டருக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அம்மா போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

காத்திருக்கும்போது எனக்குள் ஓடியது ஒரேயொரு படம்தான். நேர்சிங் ஹோமின் தனியறை. கதவு சாத்தி, அமைதியாக. அம்மா போர்த்திவிட்ட போர்வை. ஒருவரும் வந்து உருவமாட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் கதவைத் தட்டி, நல்ல தமிழில் சுகம் விசாரித்து, நித்திரை குழப்பாமல் போவார்கள். அங்கே யாரும் கெட்டவர்கள் அல்ல. போர்வைக்குள் என்ன நடக்கும் என்று பார்த்துப் பழகியவர்கள் அங்கே இல்லை, அவ்வளவுதான். கத்தி பிடிக்கிறவரிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்திருந்தேன். அதை அந்த நேர்ஸிடமும் கேட்கலாம், அந்தத் தள்ளுவண்டியைத் தள்ளியவரிடமும் கேட்கலாம். அவர்கள் எல்லோருக்கும் விடை இருந்திருக்கும்.

அடைப்பை எடுத்துவிட்டு வார்ட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது அக்காவின் பாதம் சூடாக இருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போர்வையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கனடாக்காரருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து விழுந்து காலில் அடி என்று அம்மா சொன்ன கதை ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். முன்பு பொருந்தியிருந்த ஜாதகம். அக்கா அப்போது கதிர்ச் சிகிச்சைக்குப் போய்வந்து தொடை கறுத்துக் கிடந்தாள்.

"நல்லதாப்போச்சு," என்றாள். "கனடாக் குளிருக்கு இந்தக் கால் சரிவராது."

அன்று பின்னேரம் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை.

மாமாவின் குடையை நான் பம்பலப்பிட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வாங்கினார். உள்ளே ரேடியோ செய்தி கேட்டது. அவர் வெளியே வரவில்லை. உறவுக்காரர்கள் இப்போது வேறுவிதமாகவும் சொல்கிறார்கள்: அந்தோனியார் காப்பாற்றினார் என்றும், எப்படியும் சுகப்பட்டிருக்கும், அதற்குள் இவள் குடும்பத்தின் முகத்தைக் கெடுத்துவிட்டாள் என்றும். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது, அவர் மகள் இருட்டுப்படுமுன் எங்கள் படியேறி வந்து, மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள், "அக்கா, டொக்டரிட்டை என்னெண்டு கேக்கிறது?" சொல்லிக் கொடுத்தேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. எழும்பி நின்று கேட்க வேண்டாம், உட்கார்ந்தபடி கேள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். எழும்பினால், உன்னோடு வந்தவர்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

இப்போது நிலைமை இது. அக்காவுக்கு இரண்டு கால்களும் இருக்கின்றன. இடது முழங்கால் முழுதாக மடியாது. தொடையின் வெளிப்பக்கத்தில் தொட்டால் தெரியாது. பஸ்ஸில் ஏறும்போது வலது காலை முதலில் வைப்பாள். வேலைக்குப் போகிறாள். நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் பிடிக்கிறார்கள். கடைசிப் படத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த படம் வரும் மாதம். அதில் என்ன இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. சோதனைச் சாவடி அதே இடத்தில் இருக்கிறது. இருவரும் இறங்கி நிற்போம். மாமா என்னோடு கதைப்பதில்லை. நான் பட்டறையில் அதே வேலையில் இருக்கிறேன், அதே கேள்வியைக் கேட்கிறேன்.